முதலாளியின் வெள்ளைப் புள்ளிகள்

புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு ஆவல் இல்லை, பயம்தான் இருக்கிறது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலர் ஐயாவுக்கும் என் வணக்கம். உள்ளே மீன் சமாச்சாரம்தான், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிறும் வந்தேன். நீ பார்வையாளர் அறைக்கு வரவில்லை. இதோடு மூன்று முறை. உன்னிடம் கேட்டுவிட்டு வந்த காவலர், "யாரையும் பாக்க விரும்பலையாம்மா. மீனை மட்டும் நல்லா பாத்துக்கச் சொன்னாரு" என்றார். இரண்டு பஸ் மாறி வந்த அக்காவைவிட மீன் பெரிதாகப் போய்விட்டதா என்று வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தேன்.

பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. உன் முதலாளிக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் எல்லாரும் வேலை செய்ய, அசையாமல் வேடிக்கை பார்க்கிறான் என்று அந்தத் தங்கமீனுக்கு நீ வைத்த பேர் பொருத்தமான பேர்தான். அவனுடைய இரண்டு செவுள் மூடியிலும் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். முன் துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக இருக்கின்றன. போனில் தேடினேன். வெள்ளைப்புள்ளி நோய், தொற்று, கவனிக்காவிட்டால் ஒரே வாரத்தில் ஆளை முடித்துவிடும் என்று போட்டிருந்தது.

தொற்று என்றால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டுமா? பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் கத்தியையும் கத்தரியையும் கழுவி, நீராவியில் வேகவைத்து எடுத்துக் கொடுக்கிறவள். அன்றே முதலாளியை வாளிக்கு மாற்றினேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து அலசு அலசென்று அலசினேன். ஃபில்டரைத் திறந்தால், சே, அந்தப் பஞ்சு முழுக்கப் பழுப்புச் சேறு. இப்படியா ஒரு பொருளை வைத்திருப்பாய்? பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். கடையிலிருந்து வந்த அன்று போல ஆகிவிட்டது. குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்தும் விட்டிருக்கிறேன்.

கவலையை விடு. என் கையிலிருந்து தப்பிய கிருமி இதுவரை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மீனுக்கும் தாதியாகிவிட்ட
அக்கா


மறு செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி,

இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் பொய் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

முதலாளி மோசமாக இருக்கிறான். நான் உனக்கு எழுதிய மறுநாளே சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீரின் மேல் மட்டத்தில் வாயை வைத்து மூச்சு வாங்கினான். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டான். வாலில் மெல்லிய ரத்தக் கோடுகள். நோய் முற்றுகிறது என்று நினைத்து மருந்தை இரட்டிப்பாக்கினேன். நேற்று அடியில் போய்ப் படுத்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும், போனில் நான் எடுத்த படத்தையும் தூக்கிக்கொண்டு, நீ அவனை வாங்கிய வண்ணமீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இது நோயே இல்லம்மா. ஆண் தங்கமீனுக்குப் பருவம் வந்தா செவுள்ல இப்படித்தான் முத்து முத்தா வரும். பையன் பெரியவனாயிட்டான், அவ்வளவுதான்" என்றார். புரிகிறதா தம்பி? முதலாளிக்கு மீசை முளைத்ததைப் பார்த்துவிட்டு நான் வைத்தியம் செய்திருக்கிறேன்.

பிறகு அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நம் தண்ணீரை ஊற்றி, ஏதோ சொட்டு விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியதாம், கரும்பச்சையாக மாறியது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிளீச்சிங், கொதிநீர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆக்கிட்டீங்களேம்மா. அந்தப் பஞ்சுல இருந்தது வெறும் அழுக்கு இல்ல, நல்ல கிருமி. மீனோட கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். அதைக் கொன்னுட்டீங்க. இப்ப மீனோட கழிவே மீனுக்கு விஷமா நிக்குது" என்றார். கிருமியில் நல்லது உண்டு என்பது பதினோரு வருடத்தில் என் வேலையில் யாரும் சொல்லாத சேதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தொட்டியில் அச்சு அசலாக முதலாளி மாதிரியே ஒருவன் இருந்தான். அதே ஆரஞ்சு, அதே வெள்ளை வயிறு. இவன் போய்விட்டால் அவனை வாங்கிப் போட்டுவிடலாம், உனக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். அவனைக் காட்டிக் கடைக்காரரிடம் விசாரிக்கவும் செய்தேன். அப்போதுதான் உன் நினைவு வந்தது. தூங்காமல் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வண்டி ஓட்டி, அந்த சைக்கிள்காரர் மேல் மோதிய அன்று, தெருவில் ஓர் ஆள் இல்லை. நீ ஓடியிருக்கலாம். நீ ஓடவில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாய். நான்தான் இடித்தேன் என்று வந்த போலீசிடம் நீயே சொன்னாய். அவர் பிழைக்கவில்லை. அப்படிப்பட்டவனிடம் ஒரு மீனை வைத்து நான் ஏமாற்றலாமா? உன் மீனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்தான். யார் மேலும் பழி இல்லை.

இனி வைத்தியம் இதுதான். மருந்தை நிறுத்தியாயிற்று. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். மூன்று நாள் பட்டினி. காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்காரர் தன் தொட்டி ஃபில்டரிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அறுவை சிகிச்சைக்கு உறுப்பு எடுத்துப் போகிற மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

என்னைத் திட்டவாவது நாலு வரி எழுது.

தவறு செய்துவிட்ட
அக்கா


அதற்கடுத்த புதன்

என் கண்ணுத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. காவலரிடம் போனில் விசாரித்தேன். கடிதங்கள் இரண்டும் உன் கையில் கொடுத்தாயிற்று என்றார்.

இன்றோடு எட்டு நாள். கடைக்காரரின் கண்ணாடிக் குழாயில் பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முதலாளி நீந்துகிறான், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கிறான். வால் ஓரம் நார் நாராகக் கிழிந்திருக்கிறது. நேற்று வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்து நசுக்கிப் போட்டேன். வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கினான். அதற்குப் போய் நான் அழுதேன். கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, செவுள் உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது, இன்னும் பத்து நாள் போனால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றார்.

போகும்போது, தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். முதலாளி நிமிடத்துக்கு எத்தனை தடவை செவுள் அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரியும். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, மெலிந்துவிட்டாயா, ஒன்றும் தெரியாது. ஒரு மனிதர் செத்துவிட்டார், அது உன் கையால் நடந்தது. நடக்காதது போல என்னால் ஆக்க முடியாது, ஆக்கவும் மாட்டேன். அதற்காக யார் முகத்தையும் பார்க்காமல் உன்னை நீயே பட்டினி போட்டுக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதுடா.

வரும் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்ன பத்து நாளும் அதற்குள் முடிந்திருக்கும். முதலாளியைப் பற்றி நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். அவன் பிழைத்தாலும் எழுத மாட்டேன், போய்விட்டாலும் எழுத மாட்டேன். காவலரிடமும் சொல்லி அனுப்ப மாட்டேன். உனக்குத் தெரிய வேண்டுமென்றால் நீ எழுந்து, அந்த அறைக்கு நடந்து வந்து, என் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆமாம், இது மிரட்டல்தான். உன்னை வரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நல்ல சேதியாக இருந்தால் இருவரும் கேட்டு மகிழ்வோம். இல்லாவிட்டால், அதை நான் தனியாகத் தாங்க வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ நல்லபடியாக இருக்க வேண்டும். வந்துவிடுடா.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா