எட்டுத் தறிப் பாட்டு

5.8.2008, செவ்வாய். பல்லடம்.

ஆடிக் காற்று. கொடியில் கிடந்த துப்பட்டா பக்கத்து மாடியில். எடுக்கப் போகவில்லை. அந்த வீட்டு நாய்க்கும் எனக்கும் ஆகாது.

காலையில் ஒரு கவிதை. நாலு வரியில் இரண்டு நிலா. அடித்துவிட்டேன்.

எம்.ஃபில். ஆய்வுக்குத் தாலாட்டு, கும்மி ஓரளவு தேறிவிட்டது. தறிப் பாட்டு ஒன்றுகூட இல்லை. "தறி ஓட்டறவங்களுக்குப் பாட ஏதுங்க நேரம்?" போன இடமெல்லாம் இதே பதில்.

மாலை, பின்தெரு பழனியம்மாள் வீடு. ஒட்டினாற்போல் கொட்டகை, எட்டு விசைத்தறி. ஓட்டுவது அவர். மூலையில் மாமியார் நூல் சுற்றுகிறார். காதை அடைக்கும் சத்தம். பழனியம்மாளின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பாடுகிறார்!

6.8, புதன்

டேப்ரிக்கார்டரோடு போனேன். வீட்டுக்கு வந்து போட்டால் தடதடதட. புது பேட்டரி வீண்.

குழாயடியில் பழனியம்மாளைப் பிடித்து, வெளியே வைத்துப் பாடச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேண்டாமுங்க அம்மிணி. யாருக்கும் கேக்காதுன்னுதானுங்க பாடறது. எங்கத்தை காதுல உழுந்துதுன்னா அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு எங்கப்பன் ஊடுதான்."

அப்படியென்றால் மாமியாரைப் பற்றியது. ஆசை இரட்டிப்பானது. வெட்கங்கெட்ட ஆசை.

8.8, வெள்ளி

தலைவலி. நெறியாளர் போனில்: "தறிப் பாட்டு இல்லாம மூணாவது அத்தியாயம் எப்படிம்மா?"

மத்தியானம் கொட்டகை. பழனியம்மாளின் வாயருகே காதைக் கொண்டுபோனேன். சிரித்தார். எனக்காகக் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

எட்டுத்தறி ஊடுன்னு எங்கப்பன் கட்டிக்குடுத்தான்

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றுவிட்டது. அடுத்த வரி கொட்டகை முழுக்கக் கேட்டது.

எட்டும் நின்னாத்தான் எனக்குச் சோறு வெச்சா மாமியா

பழனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். என்னால்தான்.

மாமியார் நூலை வைத்தார். எழுந்து உள்ளே போனார். பெட்டிதான் வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது தட்டு. சோறு, கொள்ளுப் பருப்பு.

"எட்டுந்தான் நின்னு போச்சே. வந்து தின்னு."

பழனியம்மாள் அழுதுகொண்டே தின்றார். எனக்கும் ஒரு தட்டு. மறுக்கத் தைரியம் இல்லை.

13.8, புதன்

காற்று குறையவில்லை. கண்ணெல்லாம் மண்.

மிச்ச வரிகளுக்காகப் போனேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். நல்ல சமயம் என்று கேட்டேன்.

"இப்பெல்லாம் உச்சிக்கே கூப்பிட்டுச் சோறு போட்டர்றாங்க அம்மிணி. இனி என்னத்தைப் பாடறதுங்க?"

சந்தோஷப்பட வேண்டிய சேதி. வரவில்லை சந்தோஷம். அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நான்தான் ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வரியோடு நிற்கிறேன்.