உயிரோடிருப்பவர்களுக்கான பூசை

சேசு மரி சூசை

கண்டி,
12.10.1968

அன்புள்ள திரேசம்மாவுக்கு,

உன் மதினி ஞானசௌந்தரி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாமல் கடைசிவரை வாசி தாயே.

உன் அண்ணன் நம்மை விட்டுப் போய்விட்டார். மூன்றாம் தேதி காலைப் பூசைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரைக்கும்தான் இருந்தார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. எங்கள் தெருவில் முஸ்லிம் ஆட்களும் சிங்கள முதலாளிமாரும் கடையைச் சாத்திவிட்டு மகியாவ மயானம் வரை நடந்தார்கள். "இன்னாசிமுத்து மாதிரி ஒரு கணவர், ஒரு வியாபாரி, ஒரு விசுவாசி இந்தப் பங்கில் இல்லை" என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்.

அதில் பொய் இல்லை, திரேசா. எனக்குப் பிள்ளை இல்லை என்றானதும் உங்கள் பெரியப்பா வேறு பெண் பார்க்கக் கிளம்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். "இவ இருக்கிற எடத்துல இன்னொருத்தியா? அதுக்கு பேக்கரிய மூடிட்டு நான் எங்கயாச்சும் போயிருவேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷர். எனக்கு டைபாயிட் வந்து படுத்தபோது அவரே என் தலையைச் சீவிப் பின்னிவிட்டார். கோணல் மாணலாகத்தான் பின்னினார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரேசா எனக்காக ஒரு பூசை குடுக்கணும். அவ குடுத்தாத்தான் எனக்கு இளைப்பாற்றி. அவகிட்ட கேளு" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

முப்பத்தோராம் நாள், நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்றே வருகிறது. நீ வந்து உன் பெயரால் அவர் ஆத்துமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடு. உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் அவர் கிடந்து தவிப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணீரோடு,
ஞானசௌந்தரி


பன்வில,
17.10.1968

மதினி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

உங்களுக்கு அவர் நல்ல புருஷன்தான். நான் மறுக்கவில்லை. எனக்கு அவர் யார் என்பதை உங்கள் சாமியார் பிரசங்கத்தில் விட்டுவிட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணனின் பேக்கரிப் போறணையில் பாண் சுட்ட அருளப்பனை நான் கட்டிக்கொண்டேன். அவரும் ஞானஸ்நானம் வாங்கியவர், அண்ணனுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று நற்கருணை நன்மை வாங்கியவர். சாதி மட்டும் வேறு. அண்ணன் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. நானும் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்து, அடுத்த நவம்பரில் கைப்பிள்ளையோடு டவுன் கோயிலுக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பிள்ளையைக் காட்டிச் சமாதானம் ஆகிவிடலாம் என்று ஒரு நப்பாசை. சாமியார் வாசித்தார்: "மரித்த திரேசம்மாளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, சகோதரர் இன்னாசிமுத்து ஒப்புக்கொடுக்கும் பூசை." முன் வாங்கில் அண்ணன் தலையைக் குனிந்து சிலுவை போட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் சாவுக்கான பூசையை முழுசாகக் கண்டேன், மதினி. எவளுக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்?

அதோடு விட்டாரா? வருஷாவருஷம் கொடுத்தார். வத்தேகம பஸ்ஸில் நம் பழைய அயல்வீட்டுப் பாலம்மா என்னைக் கண்டு, "அடியே, நீ செத்துப் போயிட்டேன்னுல்ல சொன்னாங்க" என்று வாயில் கைவைத்தாள். உயிரோடிருக்கிறவளுக்கு ஆத்தும பூசை கொடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து, நவம்பர் பிறந்தால் என் மாமியார் எனக்குச் சுற்றிப்போடுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்கு அந்தப் பூசைதான் ஞாபகம் வரும்.

பூசை கொடுக்கிறேன். நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அன்றைக்கு அதே கோயிலில் சாமியார் வாசிக்கட்டும்: "இன்னாசிமுத்துவின் தங்கை திரேசம்மாள் உயிரோடிருக்கிறாள். அவள் அருளப்பனின் மனைவி." அவ்வளவுதான். வாசித்து வாய் மூடுமுன் அண்ணனுக்காக முழங்காலில் நிற்பேன்.

உயிரோடிருக்கும்,
திரேசம்மாள்


சேசு மரி சூசை

கண்டி,
22.10.1968

அன்புள்ள திரேசம்மாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எழும்பவில்லை. நீ கேட்பது நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. "இது வேணாங்க, பாவம்" என்று நானும் ஒருதரம் அவரிடம் சொன்னேன். "நானா அவள சாகடிச்சேன்? அவதான் எங்களுக்குச் செத்துட்டா" என்றார். அதற்கு மேல் அவரிடம் யாரால் பேச முடியும்?

ஆனால் அன்றைக்கு மூன்று சாமிமார் வருகிறார்கள். கோயில் சங்கத்துப் பெரியவர்கள், டவுன் முதலாளிமார் எல்லாரும் வருகிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால், பீடத்துக்கு முன் நின்று பொய் சொன்னவர் என்று என் புருஷனை நானே காட்டிக்கொடுக்கவா? அவர் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒன்றுதானே எனக்கு மிச்சம்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ மட்டும் வா. அருளப்பனும் பிள்ளைகளும் இந்தமுறை வேண்டாம். பக்கத்து வாசலால் வந்து பின்னால் உட்கார். யாராவது கேட்டால் தேயிலைத் தோட்டத்தில் தெரிந்த பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறேன். உன் பெயரை வாசிக்காமல் "ஒரு விசுவாசி ஒப்புக்கொடுக்கும் பூசை" என்று போடச் சாமியாரிடம் பேசிவிட்டேன். முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் குசினிப் பக்கமாக வா. அவருடைய நல்ல கம்பளியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

செத்தவரோடு என்ன பகை? மனது வை, தாயே.

எதிர்பார்த்திருக்கும்,
ஞானசௌந்தரி


பன்வில,
4.11.1968

மதினி அவர்களுக்கு,

பின் வாங்கில் என்னைத் தேடியிருப்பீர்கள். நான் வரவில்லை. கம்பளியை வேறு யாருக்காவது கொடுங்கள்.

ஆனாலும் அதே நாளில் இங்கே அண்ணனுக்குப் பூசை கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கடிதத்தை அருளப்பனிடம் வாசித்துக் காட்டினேன். தன்னை வர வேண்டாம் என்ற இடத்தில் சிரித்தார். "செத்த மனுசன்கிட்ட என்னா கோவம்? கடைசியில ஒன்னத்தானே கேட்டிருக்காரு. குடுத்துட்டு வா புள்ள" என்றார். அண்ணனால் போறணையிலிருந்து போட்ட சட்டையோடு விரட்டப்பட்டவர் இதைச் சொல்கிறார். அவர் சொன்னதற்காகவே கொடுத்துவிடலாம் என்றுதான் எங்கள் தோட்டக் கோயிலுக்குப் போனேன். போகும்போது என் மனதில் வஞ்சகம் எதுவும் இருக்கவில்லை.

இங்கே சாமியார் புதியவர், மன்னார்ப் பக்கம். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. பெயர் கேட்டார், சொன்னேன். "ஆர் உங்களுக்கு?" என்றார். "கூடப் பிறந்த அண்ணன்" என்றேன். எழுதிக்கொண்டே, "ஆள் உயிரோட இருக்கிறாரோ, செத்தவரோ?" என்று கேட்டார்.

எல்லாச் சாமிமாரும் கேட்கிற கேள்விதான். அங்கே அண்ணனிடமும் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு நவம்பரும் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தரமும் அண்ணன் சாமியார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை, மதினி.

"உயிரோட இருக்காரு சாமி. நல்ல சுகமா இருக்காரு" என்றேன்.

செத்தவர்களின் பெயர்களெல்லாம் வாசித்து முடிந்த பிறகு சாமியார் வாசித்தார்: "இன்னாசிமுத்துவின் தேக சுகத்துக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும், தங்கை திரேசம்மாள் வேண்டிக்கொள்கிறார்." நான் முன் வாங்கில் இருந்தேன். அருளப்பன் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை, இன்னும் பேசவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

இனி ஒவ்வொரு நவம்பரும் இதே பூசையைத்தான் கொடுப்பேன். நீங்கள் அங்கே எத்தனை ஆத்தும பூசை வேண்டுமானாலும் கொடுங்கள். அவர் இளைப்பாற்றி கேட்டது என்னிடம். நான் இருக்கும்வரை என் அண்ணனுக்குச் சாவு இல்லை.

அருளப்பன் மனைவி,
திரேசம்மாள்