தொப்பிக்காரன் வந்துடுவான்

மார்ச் 4, செவ்வாய்

தங்கச்சியும் அவள் பெண்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தாயிற்று. அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளைகளுக்கு இந்த நாட்டைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. என்னை விட்டால் ஆள் ஏது? ரொட்டிக் கம்பெனியில் நான் அடுப்பைப் பற்றவைத்தால்தான் இந்த ஊரே பசியாறும். போலீஸ்காரர்கள் எனக்கு சல்யூட் அடிக்காத குறை. அவர்கள் வந்தால் நான் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போவது அங்கே நிழல் அதிகம் என்பதால்.

மார்ச் 6, வியாழன்

பெரியவளுக்கு ஆறு வயது. கேள்வி கேட்டே கொல்கிறாள். சின்னவள் குண்டுமணிக்கு நாலு. வாயில் சோற்றை அதக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்கிறாள். ஜன்னல் வழியாக, கீழே நின்ற காவலாளியைக் காட்டினேன்.

"பாரு, தொப்பிக்காரன்! இந்த ஊர்ல சாப்பிடாத பிள்ளைங்களச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான். போன வாரம்கூட மூணு பேரு."

தட்டு காலி!

"மாமா, சாக்குல மூச்சு முட்டாதா?" என்றாள் பெரியவள்.

"முட்டும்."

தங்கச்சி முறைத்தாள். "சும்மா பயமுறுத்தாதீங்கண்ணே." சின்ன வயதில் இவளை நான் எப்படிச் சாப்பிட வைத்தேனாம்? மறந்துவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று எழுத்தெல்லாம் கோணல்.

டிக்கெட் எடுப்பது எப்படி என்று காட்டப் பிள்ளைகளை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மெஷின் என்னிடம் முரண்டு பிடித்தது. எல்லாப் பொத்தானையும் குத்திவிட்டுத் திரும்பினால் — குண்டுமணி இல்லை.

ஐயோ, என் உயிரே போயிடுச்சு.

கவுண்டரில் இருந்தவளிடம் சொல்ல இந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை வரவில்லை. கையால் உயரம் காட்டினேன். ஒலிபெருக்கியில் ஏதோ அலறினார்கள். எங்கிருந்துதான் வந்தார்களோ, நாலு பக்கமும் நீலத் தொப்பிகள். ஒருவன் தண்டவாளத்தில் டார்ச் அடித்தான். அங்க ஏன்டா பாக்குற?

பெரியவள் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மாமா, சாக்கு எங்க வச்சிருக்காங்க?"

அப்போதுதான் உறைத்தது. இவர்கள் தேடத் தேட அவள் இன்னும் உள்ளேதான் ஒளிவாள்.

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பக்கத்தில் நின்ற நெட்டை அதிகாரியம்மாவின் தொப்பியை எட்டிப் பிடுங்கிவிட்டேன். நானா? நானேதான். ஒருவன் என் தோளைப் பிடித்துவிட்டான். அந்தம்மா என்னைப் பார்த்தாள், நடுங்கிக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்தாள், திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லாத் தொப்பியும் இறங்கியது.

"குண்டுமணி! தொப்பிக்காரன் யாரும் இல்லடி! மாமா சொன்னது பொய்டி!"

குளிர்பானப் பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாமா, நான் சாப்பிட்டுட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

பாவாடையெல்லாம் நனைந்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

குண்டுமணி ஜன்னல் பக்கமே வரவில்லை. தங்கச்சி பிள்ளைகளை என்னிடம் விடவில்லை.

மார்ச் 22, சனி

தங்கச்சி இன்றுதான் பிள்ளையை என்னோடு கடைக்கு அனுப்பினாள். தெருமுனையில் ஒரு போலீஸ்காரி. குண்டுமணியின் கால் அப்படியே நின்றுவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன்; எனக்குத் தெரிந்த இந்த ஊர் வார்த்தையில் வணக்கம் சொன்னேன். போலீஸ்காரியும் சிரித்துச் சொன்னாள்.

"மாமா, உங்க கை ஏன் ஈரமா இருக்கு?"

அடுப்படியில் நிற்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பயம்டா" என்றேன்.

"உங்களுக்குமா?"

"ரொம்ப."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் விரலை இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப என் பின்னாடி நில்லுங்க."

நின்றேன்.