அவராகவே வந்து சொன்னார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மனநல வார்டில் வேலை என்றதும் நீ பயந்தாயே, ஒரு நல்ல சேதி கேள். எங்கள் வார்டில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று கால்மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்போம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். அவர் சுவரையே பார்ப்பார்.

நேற்றுக் காலை அவராகவே எழுந்து என் மேசைக்கு வந்தார். "சிஸ்டர், செத்துடலாம்னு மறுபடி தோணுது. தனியா இருக்க பயமா இருக்கு. கூட இருக்கீங்களா?"

"எவ்வளவு நேரம்னாலும் இருக்கேண்ணா," என்றேன்.

டாக்டரையும் கூப்பிட்டேன். டிரைவர் மதியம்வரை பேசினார், அழுதார், பிறகு தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். தங்கைக்குப் போன் போடச் சொன்னார். "பயம் வந்துடுச்சில்ல, அப்ப வாழ ஆசையும் வந்துடுச்சு," என்று டாக்டர் சிரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீயும் அப்பாவும் வழக்கம்போலச் சண்டை போடுங்கள். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். டிரைவரைப் பார்க்க இன்று அவர் தங்கை வருகிறாள்.

உன் மகள்