கார் ஷெட்டுக்குச் சொரசொரப்பான தரை

வளைவு வருமுன்னே ஹாரன் அடித்துவிடும் என் டிரைவர் அப்பாவுக்கு,

முதலில் ஒரு விஷயம், கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கார் ஷெட் தரையை உடைத்துப் போட்டுவிட்டேன். ஒரு டைல்கூட மிச்சமில்லை. கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. கவர் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன், காக்காய் எச்சம் எதுவும் படவில்லை. இருபத்தெட்டு வருஷம் தஞ்சாவூருக்கும் வேதாரண்யத்துக்கும் அரசாங்கத்துப் பஸ்ஸை ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக வாங்கிய கார். அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால் நீங்கள் எழுந்தே வந்துவிடுவீர்கள். வந்தால் நல்லதுதான், ஆனால் கீறலைப் போட எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கைக் கரும்பலகையில் பாதியிலேயே விட்டுவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஷெட்டுக்குள் போய் டேப்பை இழுத்து அளக்கிறேன். நேற்று அளந்த அதே இடத்தைத்தான். ஒரே நாளில் அகலம் கூடிவிடுமா என்ன? மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்த உங்கள் மாப்பிள்ளை, "போனைக் கொஞ்சம் நிலையா புடி, எனக்குத் தலை சுத்துது" என்றார். நான் நின்றால்தானே போன் நிற்கும்.

புதுஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது அப்பா. நம் தெருக்கோடி வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள். இன்னும் நாலு மாதம் போனால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் தரை முடிந்தாக வேண்டும். இன்னொரு அடைமழையை அந்த வழவழப்பான டைல்ஸோடு என்னால் பார்க்க முடியாது.

அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சிமெண்ட் தரை போதும், மேலே கோடு கிழித்துவிட்டால் சரி என்றீர்கள் நீங்கள். அந்தோணி கொத்தனாரும் அதையேதான் சொன்னார். "டீச்சர், வண்டி நிக்கிற எடத்துக்கு இந்த வழவழப்பு வேணாங்க. தண்ணி பட்டா கால் நிக்காது" என்றார். நான் கேட்டேனா? கடை வெளிச்சத்தில் அந்த டைல் பளபளவென்று மின்னியது. அப்பா முதன்முதலாகக் கார் வாங்கியிருக்கிறார், அது நிற்கும் இடம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். "சரி, மக ஆசைப்படுது" என்று நீங்களும் விட்டுக்கொடுத்தீர்கள். பிறகு அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து, தரையில் உங்கள் மீசை தெரிவதைக் காட்டினீர்கள்.

விளக்கு விஷயத்தில்தான் விட்டுக்கொடுக்கவே இல்லை. மூலையில் ஒரு பழைய டியூப் லைட். மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு, மனசு வந்தால் நான்காவது தடவை எரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா என்று கேட்கும்போதெல்லாம், "ஸ்டார்ட்டர்தான் போயிருக்கு, நான் பாத்துக்கறேன்" என்பீர்கள். பஸ்ஸில் ஒரு ஹெட்லைட் மங்கினாலும் டிப்போவை விட்டு வண்டியை எடுக்காத மனுஷன், சொந்த வீட்டு விளக்கை எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கார்த்திகைக் காலையில் நான் பார்த்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. வாளி உருண்ட சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தேன். நீங்கள் காரின் பம்பர் பக்கத்தில் விழுந்து கிடந்தீர்கள். தரையெல்லாம் தண்ணீர். வேட்டியில் திட்டுத் திட்டாகக் கோலமாவு. அம்மா உங்கள் தலையை மடியில் வைத்திருந்தாள், அவள் கையிலும் மாவு. மழைக்காலத்தில் வாசல் சேறாகிவிடும் என்பதால் கேட்டுக்கு உள்ளே, ஷெட் தரையில்தானே அவள் கோலம் போடுவாள்? எனக்கு வேறென்ன தோன்றும்? அவள் போட்ட ஈரக் கோலத்தில் கால் வைத்து நீங்கள் வழுக்கிவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து வீட்டுக் காரில் உங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன அம்மா, அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாள். மூன்றாம் நாள் உங்களைக் கொண்டுவந்து கிடத்தினோம். அப்போது பார்க்கிறேன், ஷெட் தரை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் நின்று தரையைத் துடைத்திருக்கிறாள், தன் தப்பை மறைத்திருக்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு இறுகிய மனசு அப்புறம் இளகவே இல்லை.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கோலமாவு டப்பாவை எடுத்துப் பரணில் கடாசினேன். அது எங்கே என்று அவளும் கேட்கவில்லை. கருமாதி முடிந்தது, தலைத்திவசமும் முடிந்தது, இனிமேல் கோலம் போடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் போடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "சாப்புட்டியா", "மாத்திரை போட்டியா", "கரண்ட் போயிடுச்சு" என்பதைத் தாண்டி நாங்கள் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது.

இந்தத் தரை வேலையை நான் ஆரம்பித்ததும் அதனால்தானோ என்னவோ. எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது.

புதிதாக என்ன போடுவது என்று மூன்று முறை மனசை மாற்றினேன். ஒரு கடையில், தரையில் ஊற்றிப் பரப்பும் பூச்சு ஒன்றைக் காட்டினார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன். சிமெண்ட் கல் பதிக்கலாம் என்று சொல்லிவிட்டு மறுநாளே வேண்டாம் என்றேன். கடைசியில் பார்க்கிங் டைல்ஸ், அதிலும் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும் முரட்டு ரகம். மாதிரிக்கு வந்த நாலு டைலைத் தரையில் வைத்து, ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, நானே மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், தரையைச் சோதிக்கிறீங்களா, என்னையச் சோதிக்கிறீங்களா?" என்றார்.

நேற்று நான் அப்படிக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வந்தாள். நீங்கள் போன பிறகு அவள் ஷெட்டுக்குள் காலே வைத்ததில்லை. தயங்கித் தயங்கி வந்தாள், குனிந்து அந்த டைலைக் கையால் தடவினாள்.

"ஏன்டி, இவ்ளோ மேடும் பள்ளமுமா இருக்கே. இதுல கோலம் எப்புடிப் போடுறது?"

அவ்வளவுதான். உள்ளே அடைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. "இன்னமும் உனக்குக் கோலம் கேக்குதா? ஒரு கோலத்துக்கு அப்பாவைக் குடுத்தது போதாதா?" என்று கத்தினேன். கொத்தனார் முன்னால் அப்பா, பட்டப்பகலில், தெருவே கேட்கும்படி.

அந்தோணி அண்ணன் சட்டென்று எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அம்மா அழவில்லை. சிமெண்ட் மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் கோலம் போடலடி."

"பின்ன யாரு போட்டா?"

"உங்கப்பா."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், உடைந்த தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முந்தின நாளு பட்டுக்கோட்டை கல்யாணத்துல நின்னு நின்னு எனக்குக் காலு வீங்கிப் போச்சுல்ல. விடிஞ்சதும் எந்திரிக்கப் போனேன். நீ படு, நான் பாத்துக்கறேன்னாரு. உங்களுக்கு என்னங்க தெரியும்னேன். தெனம் நீ போடுறதைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன், பஸ் ஓட்டுனவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதான்னாரு. வாளியில தண்ணி புடிக்கிற சத்தம் கேட்டுச்சு. தெளிக்க மாட்டாரு, காரைக் கழுவுற மாதிரி ஊத்துவாருன்னு எனக்குத் தெரியும். எந்திரிச்சுப் போயிருக்கணும். ஒரு நாளு படுத்திருப்போமேன்னு இருந்துச்சுடி. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்."

"அப்ப தரையை ஏம்மா தொடைச்சே?"

"அஞ்சு வரிசை புள்ளி வச்சிருந்தாரு, கோணல் மாணலா. கோடு ஒண்ணுகூட இழுக்கல. வர்றவங்க போறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? ஊரையே அதட்டி பஸ்ல ஏத்துன மனுஷன், கோலம் போடப் போயி விழுந்துட்டாருன்னு டீக்கடையில சிரிப்பாங்க. அவரு ஒடம்பு சரியாயி திரும்பி வந்து அதையெல்லாம் கேக்க வேணாம்னுதான் தொடைச்சேன்."

நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்பித்தான் அவள் துடைத்திருக்கிறாள், அப்பா. அதை வைத்தா நான் அவளை இத்தனை நாள் தண்டித்தேன்?

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நான் படுத்துக் கெடந்தேன்னா? நீ கோவமா இருக்கறது தெரியும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் என்மேல கோவந்தான்."

மண்ணிலேயே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கால் இப்போதும் வீங்கித்தான் இருக்கிறது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அப்பா. டைல்ஸ் என் தப்பு, அது மாறப் போவதில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்க முடியாமல் பாதியை அவள் தலையில் ஏற்றி வைத்தேனே, அது இன்னும் பெரிய தப்பு. உங்களிடம் ஒப்புக்கொள்ளாமல் வேறு யாரிடம் ஒப்புக்கொள்வேன்?

ஊர் சிரிக்கும் என்று அவள் மறைத்ததை நான் இப்படி நாலு பேர் படிக்க எழுதலாமா என்று அவளையே கேட்டேன். "எழுது. பொண்டாட்டி காலு வலிக்குதுன்னு கோலம் போட்ட மனுஷன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க" என்றாள். உங்களைப் பற்றிப் பெருமையாக அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டீ குடிக்கப் போன அந்தோணி அண்ணன் திரும்பி வந்ததும், ஒன்றும் நடக்காத மாதிரி மட்டம் பார்க்கும் நூலைப் பிடித்தார். பிறகு அவராகவே சொன்னார். "டீச்சர், வண்டி நிக்கிற எடம் பூரா நீங்க சொன்ன டைல்ஸே இருக்கட்டும். கேட்டுகிட்ட மட்டும் நாலடிக்கு நாலடி கொத்துன கருங்கல்லு போட்டுருவோம், கோயில் பிரகாரத்துல கெடக்குமே, அது மாதிரி. கோலமும் நிக்கும், காலும் நிக்கும்." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இந்த ஒரு முடிவை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை, நம்புங்கள்.

விளக்கு வேலை முடிந்துவிட்டது. உங்கள் கண் சிமிட்டும் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, நீள நீளமாக மூன்று எல்இடி விளக்கு போட்டாயிற்று. கேட்டுக்கு நேர்மேலே, ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்று. பூனை வந்தாலும் எரிகிறது. கரண்ட் வீணாகிறது என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. முணுமுணுங்கள். ஸ்டார்ட்டரைத் தொட ஆள் வேண்டாம், அது போதும் எனக்கு.

இன்றைக்கும் நாலு தடவை அளந்துவிட்டேன். கருங்கல் வண்டி இன்னும் வரவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டு வாசலை எட்டிப் பார்க்கிறேன். பரணிலிருந்து கோலமாவு டப்பாவை இறக்கித் துடைத்து, அம்மா கைக்கு எட்டும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஐந்து வரிசை புள்ளி வைத்தீர்களே, என்ன கோலம் போடுவதாக இருந்தீர்கள்? அம்மாவைக் கேட்டேன். "அவருக்கு என்னடி தெரியும்? புள்ளி வச்சுட்டு, அடுத்தது என்னான்னு என்னைக் கேக்கத் திரும்பியிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல் பதித்துக் காய்ந்த பிறகு வரும் முதல் காலையில் அம்மா படுத்திருப்பாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கட்டும். நான் எழுந்து போய், தண்ணீரை ஊற்றாமல் தெளித்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து வரிசை புள்ளி வைப்பேன். கோடு இழுக்க எனக்கும் தெரியாது. உள்ளே வந்து அம்மாவைத்தான் கேட்பேன். நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா, திரும்பும்போது மெதுவாகவே திரும்புவேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் மகள்