ஏ.சி. காரின் கௌரவம்

14 மே 1984, திங்கள்

என் கணவர் வாங்கிய பழைய காரின் ஏ.சி., வண்டி ஓடினால் குளிரும், நின்றால் அனலை ஊதும். கேஸ் அடைத்தாயிற்று, பெல்ட் மாற்றியாயிற்று. இன்று பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து மகளை அழைத்து வரும்போதும் செல்லூர் நெரிசலில் அதே கதைதான். பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

“கண்ணாடிய இறக்குங்க,” என்றேன்.

“தெரிஞ்சவுக பாத்தா ஏ.சி. ஓடலைன்னு நினைப்பாக. இந்தா, குளிரு வந்துரும்,” என்று டாஷ்போர்டைத் தட்டினார்.

தட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று மகளோடும் பிள்ளையோடும் இறங்கி ரிக்‌ஷாவில் ஏறினேன். காற்று பட்டதும் குழந்தை தூங்கிவிட்டது.

சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க வந்த சம்பந்தியிடம் சொல்கிறார்: “ஏ.சி. குளிரு பச்சப்பிள்ளைக்கு ஆகாதுல்ல, அதான் ரிக்‌ஷாவுல அனுப்பிட்டேன்.”

இந்த மனுஷனுக்கு நான் காபி வேறு கலந்து கொடுத்தேன்.