ராணியைத் தின்ற ஓநாய்

ஒக்டோபர் 4, சனி

காலை முழுக்க மூடுபனி. வேட்டைக்கு ஏறி இருக்கும் மேட்டுப் பரணின் ஏணியில் ஒரு படி உக்கிப்போயிருக்கிறது. மாற்ற வேண்டும். காட்டில் விலங்குகளைத் தானாகப் படம் எடுக்கும் கமராக்களுக்குப் பற்றறி போட்டாயிற்று. என் சாம்பல் நிற நாய் ராணியும் கூட வந்தாள். ஓடைக்கரைக் கமராவுக்குப் பக்கத்தில் முதுகு மயிர் சிலிர்த்து நின்றுவிட்டாள். கூப்பிட்டும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஒரு மான். பக்கத்துப் பண்ணை ஹான்ஸ் வீட்டுப் பூனை. அடுத்த படத்தில் ஓநாய். கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, ஏதோ தன் காணியில் நிற்பது போன்ற தோரணை.

இந்த வருடம் எங்கள் வேட்டை நிலத்துக்கு என்னென்னவோ வருகிறது. வசந்தத்தில் லிங்க்ஸ் என்கிற பெரிய காட்டுப்பூனை. கோடையில் பொன்னிற நரி. வேட்டைச் சங்கத்தில் எல்லோரும் அதிசயப்பட்டு அந்தப் படத்தை ஆளுக்காள் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவனுக்கு அது வெறும் நரி. ஆனால் ஓநாய் வேறு. மான்கள் இப்போது பகலில் வெளியே தலை காட்டுவதில்லை. ஹான்ஸின் அயலவருக்கு ஆடுகள் போயின.

படத்தைக் கண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அத்தான், இது எங்கட ஓடையோ?"

"ஓம்."

"கையில துவக்கோட நிக்கேக்க வந்தா என்ன செய்யிறது?"

"பாக்கிறது. படம் எடுக்கிறது. வேற ஒண்டும் இல்லை."

சிரித்தான். என் மனைவி வாசுகியின் தம்பி. போன வருடம்தான் வேட்டைப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தான். விசுக்கோத்துப் பெட்டியைக் கண்ட பிள்ளையின் அவசரம் இன்னும் போகவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் அடுப்பு பழுது. நாள் முழுக்க குளிர்ச் சாப்பாடு. கிழவர்கள் முணுமுணுப்பு.

மாலையில் சங்கக் கூட்டம். ஹான்ஸ்தான் தலைவர், பால்பண்ணைக்காரர். சங்கத்தில் கண்ணனும் நானும் மட்டும்தான் தமிழர். என்னைச் சேர்த்துக்கொள்ள முதலில் யோசித்தவர்கள், வறுத்த தூள் போட்டு நான் வைத்த மான் பிரட்டலைத் தின்ற பிறகு யோசிக்கவில்லை. கண்ணனை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அடுத்த மாதம் அவனுக்குக் குடியுரிமை நேர்காணல். ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் நல்ல பெயர். பரிந்துரை கொடுப்பவரும் ஹான்ஸ்தான்.

ஓநாயைப் பற்றி ஒரு மணி நேரம் சத்தம். முடிவு ஒன்றும் இல்லை. சுட அனுமதி வந்தால் அதிகாரிகள் சுடுவார்கள், நாங்கள் சுட்டால் குற்றம். உரிமமும் போகும். ஹான்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒக்டோபர் 11, சனி

மழை விட்டு மறுபடி மூடுபனி.

பின்னேரம் பொலிசில் இருந்து போன். கீழ் றோட்டில் கார் ஒன்று மானை இடித்துவிட்டது, மான் அடிபட்ட உடம்போடு காட்டுக்குள் ஓடிவிட்டது. இப்படி வந்தால் ராணியைத்தான் கூப்பிடுவார்கள். இரத்தத்தின் வாசம் பிடித்துப் போவதில் அவளை மிஞ்ச இந்த வட்டாரத்தில் நாய் இல்லை. பொழுது சாயும் நேரம். வாசம் பிடித்தாள். புதருக்குள் மான் எழும்பி ஓடியது, வாரை அவிழ்த்துவிட்டேன். குரைத்துக்கொண்டே மேட்டில் ஏறினாள். மேலே ஒரு வெடி கேட்டது. மேட்டுப் பரணில் கண்ணன் இருந்தான்.

பிறகு ராணியின் சத்தம் இல்லை.

கண்ணன் இறங்கி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நரி அத்தான். தப்பீட்டுது. ராணி வரேல்லையோ?"

மேட்டில் தான் பார்த்தாயிற்று என்றான், இருவருமாகக் கீழே தேடினோம். என்னைவிட அவன்தான் உரக்கக் கூப்பிட்டான். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தேன். வாசுகி வாசலில் நின்றாள். ராணியின் சாப்பாட்டுச் சட்டி கையில்.

ஒக்டோபர் 13, திங்கள்

கண்டெடுத்தோம். ஓடைக்கரையில், ஊசியிலை மரங்களுக்குக் கீழே. வயிறு முழுவதும் தின்னப்பட்டிருந்தது. முகம் பாசிக்குள் கவிழ்ந்திருந்தது. சுற்றிவரச் சேற்றில் ஓநாயின் காலடிகள். இழுத்து வந்த தடமும் இருந்தது. ஹான்ஸ் தன் மேலங்கியைக் கழற்றி மூடினார். பிரட்டிப் பார்க்க விடவில்லை.

காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தாள். இளம்பெண், அமைதியானவள். பஞ்சுக் குச்சியால் எச்சில் மாதிரி எடுத்தாள். உடம்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

சாமி அறை வாசல் தாண்ட ராணியை ஒருநாளும் விடாத வாசுகி, இன்று சாமி அறையில் இருந்து அழுதாள்.

அந்த ஓநாயை நான் சுடுவேன். சட்டம் என்ன சொன்னாலும் சுடுவேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

குளிர். வேலையில் வெங்காயம் அரியும்போது விரலில் வெட்டு. ஓநாயை நினைத்துக்கொண்டு அரிந்தால் வேறென்ன நடக்கும்.

செய்ய வேண்டியவை:
– ஏணிப் படி
– வாசுகியின் கண் வைத்தியருக்குப் போன்
– ஓடைக் கமராவைக் கழற்றுவது (நான் செய்யப்போவதற்குச் சாட்சி வேண்டாம்)
– இரை

கண்ணன் கேட்காமலே இறைச்சி கொண்டுவந்தான். கறுப்புப் பை நிறையக் குடலும் எலும்பும். இரை போட்டு ஓநாயை இழுப்பதும் குற்றம்தான்.

"விடக்கூடாது அத்தான். சுட்டுப்போட்டுத் தாட்டுவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது."

"நீ இதுக்குள்ள வராத. உனக்கு நேர்காணல் இருக்கு."

"நான் வரேல்லை. நீங்கள் சுடுங்கோ. ராணிக்காகச் சுடுங்கோ."

என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான் என்று நினைத்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

விடியக் காலையில் பரணில். இந்தக் கிழமை வேலைக்கு முன்னால் எல்லா நாளும் அங்கேதான். கால் விரல்கள் விறைத்துவிட்டன. தேநீர்ப் போத்தலைத் திறக்கவில்லை, வாசம் ஓநாய்க்குப் போய்விடும்.

வந்தது. ஒன்றல்ல. தாயும், பாதி வளர்ந்த குட்டிகள் இரண்டும். இரைக்குக் கிட்ட வரவில்லை. தாய் காட்டு விளிம்பிலேயே நின்று காற்றை மோந்தது. தொலைநோக்கியில் அதன் நெஞ்சு முழுதாகத் தெரிந்தது. விரல் விசையில்.

தூரம் அதிகம். அதனால்தான் சுடவில்லை. குட்டிகளைக் கண்டு மனம் இளகியது என்று எழுதினால் பொய். குட்டிகளையும் சேர்த்துச் சுட்டிருப்பேன்.

கண்ணனுக்குச் சொன்னேன். "சும்மா விட்டிட்டீங்களோ!" என்றான். அவ்வளவு கோபம் அவனுக்கு.

ஒக்டோபர் 23, வியாழன்

வெயில். மலைகள் எல்லாம் துடைத்துவிட்டது போல. பார்க்கவே எரிச்சல்.

அதிகாரி தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். எச்சில் ஓநாயுடையதுதான். ஆனால் தின்றது செத்த பிறகு என்றாள். ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் காட்டினாள். தோளுக்குப் பின்னால் ஈயச் சிதறல். வேட்டைக்காரனின் வெடி, சரியான இடத்தில்.

வாய்க்குள் ஊசியிலைக் கொப்பு குறுக்காக இருந்தது என்றும் சொன்னாள். சுட்ட மானுக்குக் கடைசிக் கவளம் என்று நாங்கள் வைப்பது. நாய்க்கு யாரும் வைப்பதில்லை. என்ன சுட்டோம் என்று தெரிந்து, வெட்கப்பட்டு, வைத்திருக்கிறான்.

பிறகு தலையின் படம். கண்களுக்கு நடுவே, மயிரில், சாம்பல் நிறத்தில் மூன்று கோடு. "இது பூஞ்சணமா? உங்கள் நாய்க்குத் தோல் வியாதி இருந்ததா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

தெரியும். அட்லிஸ்வில் நகரத் தமிழ்க் கோயிலின் விபூதி. கண்ணன் சட்டைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்திருப்பான். சுட்ட மிருகத்துக்குக் கொப்பு வைத்த பிறகு, தண்ணீர் தொட்டு நெற்றியில் மூன்று விரலால் பூசுவான். பாவம் தீர்க்கவாம். சங்கத்தில் மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன், அதுவும் ஒரு பகட்டு என்று.

காரில் வெகுநேரம் இருந்தேன். வாசுகியிடம் ஓநாய்தான் என்று சொன்னேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

வேலை முடிந்து கண்ணன் வரும் பேருந்துத் தரிப்பிடத்தில் காத்து நின்றேன். காரில் ஏற்றினேன். கதவைப் பூட்டினேன்.

"விபூதியும் பூசினனியோ?"

வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அழத் தொடங்கிவிட்டான்.

"ஓநாய் எண்டுதான் நினைச்சன் அத்தான். சத்தியமா. பனிப்புகாருக்குள்ளால சாம்பல் நிறமா வந்தது. குரைப்பு வேற பக்கம் கேட்ட மாதிரி இருந்தது. கிட்டப் போய்த்தான் பட்டியைக் கண்டனான்."

"ஓநாய் எண்டாலும் சுடேலாது எண்டு தெரியுமெல்லோ."

"தெரியும்."

"கிட்ட வந்து எனக்கேன் சொல்லேல்லை?"

"நேர்காணல் முடியட்டும் எண்டு. முடிய நானே போய்ச் சொல்லுவன். அக்காவாணை."

"அந்த இறைச்சிப் பை?"

பூட்டிய கதவின் பிடியில் கை வைத்தான்.

நாயைச் சுட்டதைக்கூட விளங்கிக்கொள்ளலாம். மூடுபனி, பதற்றம், புதிய கை. ஆனால் அந்தப் பை. ஓநாயைச் சுட்டுப் புதைத்துவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை என்று என்னைப் பரணில் ஏற்றி இருத்தியிருக்கிறான். பிடிபட்டிருந்தால் என் உரிமம், என் பெயர். அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டு நேர்காணலுக்குப் போயிருப்பான்.

நீயாகப் போய்ச் சொல் என்றேன். தலையாட்டினான்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மழை. இரையை எல்லாம் கிளறி எடுத்துப் பையில் போட்டு எரிக்கக் கொடுத்தேன். ஓநாய் ஒரு துண்டும் தொடவில்லை. அதை மன்னித்துவிட்டேன் என்றில்லை. தின்றது அதுதானே.

மத்தியானம் கண்ணன் சாப்பிட வந்தான், வழக்கம் போல. வாசுகி நல்ல மீன் துண்டாகப் பார்த்து அவனுக்குப் போட்டாள்.

"வடிவாச் சாப்பிடு. நேர்காணலுக்கு முன்னம் வருத்தம் கிருத்தம் வரக்கூடாது."

"காணும் அக்கா."

"ராணி இருந்தா இப்ப உன்ர காலடியில படுத்திருப்பாள்."

மென்றான். விழுங்கினான். என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இவனுக்கு ஒரு முடிவு வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நினைப்பில் நானும் இன்னொரு துண்டு மீன் போட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

அதிகாரி ராணியின் கழுத்துப்பட்டியைத் தந்தாள். சனிக்கிழமை சங்க வேட்டைக்கு வரும்படி கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. வருகிறேன் என்றாள்.

கண்ணன் இன்னும் போகவில்லை. "அடுத்த கிழமை அத்தான், அடுத்த கிழமை."

தூள் வறுக்க வேண்டும். சனிக்கு மான் பிரட்டல் என் பொறுப்பு.

நவம்பர் 8, சனி

உறைபனி, பிறகு நல்ல வெயில். இரண்டு மான், ஒரு நரி.

வேட்டை முடிந்ததும் ஹான்ஸின் கொட்டிலுக்கு முன்னால் ஊசியிலைக் கொப்புகளைப் பரப்பி மிருகங்களை வரிசையாகக் கிடத்தினோம். தொப்பியைக் கழற்றி எல்லோரும் எதிரே நின்றோம். ஹான்ஸ் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் காட்டி, யார் சுட்டது என்று கேட்பார். சுட்டவன் ஓர் அடி முன்னால் வர வேண்டும். அவர் கைகொடுப்பார்.

மான், மான், நரி. முடிந்தது.

நான் போய் நரிக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டியை வைத்தேன். அஞ்சலி என்று நினைத்து ஹான்ஸ் கண்ணைத் துடைத்தார். ராணியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார்.

"கேளுங்கள்," என்றேன். "மற்றவற்றுக்குக் கேட்டது போல இதற்கும் கேளுங்கள்."

ஹான்ஸுக்கு விளங்கவில்லை. அதிகாரிக்கு விளங்கிவிட்டது, ஓரத்தில் இருந்து கிட்ட வந்தாள். ஹான்ஸ் என்னையும் அவளையும் பார்த்தார். பிறகு கேட்டார். இதைச் சுட்டது யார்?

நான் கண்ணனைப் பார்க்கவில்லை. மாடுகளின் சத்தம் மட்டும். யாரோ இருமினார்கள். அதன் பிறகு சரளைக் கல்லில் ஒரு கால் நகரும் சத்தம்.

முன்னால் வந்து நின்றான். தமிழில், மெல்ல: "அத்தான், புதன்கிழமை எனக்கு நேர்காணல்."

"தெரியும்."

ஹான்ஸ் கைகொடுக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். அதிகாரி அவனைத் தன் காரடிக்குக் கூட்டிப்போனாள். பிரட்டலை யாரும் தொடவில்லை. சட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தேன்.

இனித்தது. இங்கே பொய் எழுதி என்ன. வழி முழுக்க இனித்தது.

வீட்டில் வாசுகிக்கு எல்லாம் சொன்னேன். கத்துவாள், தம்பிக்காகக் காலில் விழுவாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவள் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

சொன்னேன்.

"அப்ப போன மாதம் நான் அவனுக்கு மீன் போட்டுக் குடுக்கேக்க தெரியும்?"

"ஓம்."

"இருந்து பாத்துக்கொண்டு சாப்பிட்டனீங்கள்."

போன் அடித்தது. கண்ணன். அவள்தான் எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது. முடியும்வரை கேட்டாள்.

"நாளைக்கு வா," என்றாள். "வந்து சாப்பிடு. நிலத்தில, ராணி படுக்கிற இடத்திலதான் சாப்பாட்டுக் கோப்பை வைப்பன். உனக்கும் வைப்பன், அத்தானுக்கும் வைப்பன்."